சமூகவியல்: இளங்கலையா, இளம் அறிவியலா?

களக்குறிப்பு

இந்தக் கருத்துக்களத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். என் தமக்கை மகன் இந்த ஆண்டு கல்லூரியில் சமூகவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறான். சேர்க்கைக் கடிதத்தில் "இளங்கலை" என்று இருந்ததைப் பார்த்த அவன் தந்தை, "உளவியலுக்கு இளம் அறிவியல் என்று போடுகிறார்கள், இதற்கு மட்டும் ஏன் கலை?" என்று என்னிடம் கேட்டார். அது பல்கலைக்கழக வழக்கம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை, ஏனென்றால் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று குடும்பச் செலவுக் கணக்கு எடுத்தவன்.

ஒரு நாளைச் சொல்கிறேன். சித்திரை வெயில், ஓட்டு வீடு, அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து ஓர் அம்மாளிடம், "கடந்த முப்பது நாளில் புளி எத்தனை கிராம் செலவாயிற்று?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "புளிய வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கி உப்பு போட்டுப் பானையில அடைச்சு வைக்கிறோம். முப்பது நாளைக்கு எவ்வளவுன்னு யாரு நிறுத்துப் பார்த்தா?" என்றார். பிறகு எனக்காக யோசித்து, ஒரு நாள் குழம்புக்கு எலுமிச்சங்காய் அளவு என்று விரல்களைக் குவித்துக் காட்டினார். நான் அதை இருபத்தைந்து கிராம் என்று கொண்டு, முப்பதால் பெருக்கி, படிவத்தில் 750 என்று எழுதினேன். அந்த எண் பிறகு சராசரியாகி, சராசரி வறுமைக் கோடாகி, கோடு கொள்கையாகிறது. அந்தக் குவிந்த விரல்களில் தொடங்கும் ஒன்றை அறிவியல் என்று அழைக்கலாமா? உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறேன்.

நிறைகோல்

மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் என் விடை: அழைக்கலாகாது. இதை இழிவாகச் சொல்லவில்லை. இலக்கியமும் அறிவியல் அல்ல. அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை.

நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டையே கொள்வோம். 2019 மே 20 முதல் கிலோகிராம் என்ற அலகு, இயற்கையின் மாறாத எண்களுள் ஒன்றான பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. பாரிசுக்கு அருகே பெட்டகத்தில் வைத்திருந்த உலோக உருளைகூடப் போதாது என்று கருதி இயற்பியலாளர்கள் அதைக் கைவிட்டார்கள். நீங்களோ எலுமிச்சங்காயில் நிற்கிறீர்கள். அளவை ஒரு சிக்கல். மற்றொரு சிக்கல், ஆய்வுப் பொருளின் இயல்பு. வளிம மூலக்கூறு செய்தித்தாள் படிப்பதில்லை. நான் அதைப் பற்றி என்ன எழுதினாலும் அது தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. மனிதன் மாற்றிக்கொள்வான். அதனால் அவனைப் பற்றிய முன்கணிப்பு நிற்பதில்லை. பிரெஞ்சுக்காரரான ஒகஸ்த் கோம்ட் இந்தத் துறைக்கு முதலில் "சமூக இயற்பியல்" என்றே பெயரிட்டார். பின்னர் 1830களின் இறுதியில்தான் "சமூகவியல்" என்ற சொல்லை உருவாக்கினார். பெயரை மாற்றினாரே தவிர, இயற்பியலைப் போல் ஆகிவிட வேண்டும் என்ற ஆசை அந்தத் துறையை இன்றுவரை விட்டபாடில்லை என்பதே என் எண்ணம்.

வெள்ளாறு

ஐயா, ஒரே ஒரு கேள்வி. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கும் என்று எந்த நிலவியலாளராவது முதல் நாள் சொன்னாரா? சொல்லவில்லை என்பதற்காக நிலவியலை யாராவது அறிவியல் பட்டியலிலிருந்து நீக்கினார்களா? முன்கணிப்புதான் உரைகல் என்றால் உங்கள் வீட்டிலேயே சிலரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

கடைமடை

வணக்கம். நான் பொருளியல் ஆய்வாளன். களக்குறிப்பு ஐயாவைப் போன்றோர் எழுதிய எண்களை வைத்துத்தான் எனக்குச் சோறு. எனவே அந்தப் புளிக் கணக்கைப் பற்றி நான் பேசித்தான் ஆக வேண்டும்.

முப்பது நாள் என்பது யாரோ மேசையில் உட்கார்ந்து முடிவு செய்த எண் அன்று. வீடுகளில் செலவு விவரம் திரட்டும் அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கியபோது, ஏழு நாள் செலவைக் கேட்பதா, முப்பது நாள் செலவைக் கேட்பதா என்ற கேள்வி எழுந்தது. ஏழு நாள் என்று கேட்டால் மறதி குறையும். ஆனால் எட்டாம் நாள் வாங்கியதையும் பத்தாம் நாள் வாங்கியதையும் "போன வாரம்தானே" என்று மக்கள் உள்ளே சேர்த்துவிடுவார்கள். புள்ளியியலாளர் மகலனோபிஸ் குழுவினர் இதை வாதத்தால் தீர்க்கவில்லை. சில வீடுகளில் ஒரு கேள்வியையும் வேறு சில வீடுகளில் மற்றதையும் கேட்டார்கள். பொருள்களை நேரில் எடைபோட்டு ஒப்பிட்டும் பார்த்தார்கள். முக்கியமான உணவுப் பொருள்களுக்கு முப்பது நாள் விடையே உண்மைக்கு நெருங்கி வந்தது. 1954-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இனி அடுத்த கட்டம். 1999-2000 கணக்கெடுப்பில் உணவுக்கு ஏழு நாள் கேள்வியையும் முப்பது நாள் கேள்வியையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வைத்துவிட்டார்கள். களத்தில் என்ன நடக்கும் என்பது ஐயாவுக்குத் தெரியும்: ஒரு விடை மற்றொன்றை இழுக்கும். முப்பது நாள் எண் வழக்கத்தைவிட உயர்ந்தது. உணவுச் செலவு உயர்ந்ததாகத் தெரிந்ததால், 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை ஆறே ஆண்டுகளில் 26 விழுக்காடாக இறங்கிவிட்டதாக அரசு அறிவித்தது. மற்றவர்கள் இதை விடவில்லை. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், படிவத்தில் மாற்றமின்றி முப்பது நாளாகவே கேட்கப்பட்டிருந்த எரிபொருள் போன்ற செலவினங்களைத் தனியே எடுத்தார். அவற்றுக்கும் மொத்தச் செலவுக்கும் முன்பு இருந்த தொடர்பைக் கொண்டு எண்ணைத் திருத்தினார். பொருளியலாளர்கள் சுந்தரம், டெண்டுல்கர் இருவரும் வேறு வழியில் திருத்தினார்கள். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அறிவிக்கப்பட்ட அளவுக்கு அன்று என்று தெரியவந்தது.

நிறைகோல் ஐயா, இதில் எது அறிவியல் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. கருவியில் கோளாறு, கோளாறு எந்தத் திசையில் எவ்வளவு இழுக்கிறது என்ற கணிப்பு, வேறொருவர் சரிபார்க்கும் வகையில் எல்லாருக்கும் திறந்த தரவு. எலுமிச்சங்காய் கரடுமுரடான அளவைதான். ஆனால் பல்லாயிரம் வீடுகளில் பல்லாயிரம் கைகள் குவிகின்றன. எல்லாக் கைகளும் ஒரே பக்கம் சாயாத வரை சராசரி தாங்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் ஆபத்து. 1999-இல் அதுதான் நடந்தது, அதுவும் பிடிபட்டது.

நிறைகோல்

இந்தக் கதை எனக்குத் தெரியாது. ஏழு நாள், முப்பது நாள் விவகாரத்தில் உங்கள் முறை சரியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது நல்ல கணக்குப்பிள்ளை செய்யும் வேலை. கணக்கைச் சரியாக வைப்பது ஒன்று, ஏன் அப்படி நடக்கிறது என்று ஒரு விதியைச் சொல்வது வேறொன்று. நியூட்டனின் விதி தென்னை மரத்துக்கும் நிலவுக்கும் ஒன்றுதான். சமூகம் பற்றிய அத்தகைய விதி ஒன்றைக் காட்டுங்கள்.

பொருநை

வரலாறு படித்தவள் நான். விதி கேட்கும் ஐயாவுக்கு, விதி கண்டதாகச் சொன்ன இருவரின் கதையை நினைவூட்டுகிறேன்.

முதலாமவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம். சமூக உண்மைகளைப் பொருள்களைப் போல் வெளியிலிருந்து நோக்க வேண்டும் என்று வாதிட்டவர். 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலில், கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் தற்கொலை மிகுதி என்று அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு காட்டி, சமயச் சமூகத்தின் பிணைப்பு தளர்வதே காரணம் என்று விளக்கினார். நூறு ஆண்டுகள் பாடநூல்களில் இருந்த முடிவு அது. 1996-இல் வான் பொப்பல், டே என்ற ஆய்வாளர்கள் நெதர்லாந்தின் 1905 முதல் 1910 வரையிலான மரணப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கத்தோலிக்கர்களிடம் தற்கொலை குறைவாகப் பதிவாகியிருந்தது. அதே நேரத்தில் "திடீர் மரணம்", "காரணம் தெரியாத மரணம்" ஆகிய பத்திகளில் அவர்கள் மிகுதியாக இருந்தார்கள். தற்கொலையைப் பாவமாகக் கருதும் ஊரில், சாவுக்குக் காரணம் எழுதுகிறவர் கை சற்றே நடுங்கியிருக்கிறது. துர்க்கைம் பொருளாகக் கொண்ட எண்ணே சமூகத்தின் கைபட்டுச் சமைந்த எண்.

இரண்டாமவர் ஹெர்பர்ட் ரிஸ்லி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண்ணுக்கும் சாதியின் சமூகத் தகுதிக்கும் எதிர்விகிதத் தொடர்பு உண்டு என்றார். அளவி, அட்டவணை, தசம எண் எல்லாம் இருந்தன. வெளிப்பார்வைக்கு நிறைகோல் ஐயா கேட்கும் "விதி" இதைவிட அழகாக அமையாது. ஆனால் சமூகவியலாளர் கோவிந்த் சதாசிவ் குர்யே 1932-இல் எண்களை மாகாண வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இந்துஸ்தானம் எனப்பட்ட வட இந்தியப் பகுதிக்கு வெளியே, சென்னை மாகாணம் உள்ளிட்ட இடங்களில், அந்த ஒழுங்கு கலைந்துபோயிற்று.

அதைவிடப் பெரிய செய்தி, அளக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை என்பது. 1901-இல் சாதிகளைச் சமூகத் தகுதி வரிசையில் அடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நாடெங்கும் சாதிச் சங்கங்கள் மனு எழுதத் தொடங்கின. நம் தென்மாவட்டங்களில் "சாணார்" என்று அரசு எழுதிவந்த சமூகத்தார் பல ஆண்டுகள் போராடி, 1921-இல் "நாடார்" என்ற பெயரை அரசு ஆவணங்களில் பெற்றார்கள். ஐயா சொன்னது மிகவும் சரி: மூலக்கூறு செய்தித்தாள் படிப்பதில்லை. இங்கே மூலக்கூறு மனுப் போட்டு வென்றது. ஆகவே இது அறிவியலா என்ற கேள்விக்கு என் விடை "ஆம்" என்று எளிதில் வருவதில்லை.

அகம்புறம்

பொருநை அம்மையார் கதவைத் திறந்துவிட்டார். நான் உள்ளே நுழைகிறேன்.

ஒருவர் தெருவில் நடந்து வருகிறார். எதிரே பண்ணையார் வருகிறார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. இயற்பியல் இந்த நிகழ்ச்சியை முழுமையாக விவரிக்கும்: நூற்றைம்பது கிராம் பருத்தித் துணி, ஏறத்தாழ அரை மீட்டர் கீழே. விவரித்து முடித்த பிறகும் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால், துண்டு என்பது என்ன, தோள் என்பது யாருடைய உரிமை, இறக்காமல் போனால் அன்று மாலை என்ன நடந்திருக்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். இறக்கியவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சமூகச் செயலைப் பொருளுணர்ந்து அறிய வேண்டும் என்று சொன்னது இதைத்தான். அவர் அதோடு நிற்கவில்லை, காரண விளக்கமும் வேண்டும் என்றார். அந்தப் பிற்பாதியை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

சொல் பற்றியும் ஒரு வார்த்தை. வேபரின் மொழியில் "விசென்ஷாஃப்ட்" என்ற சொல் வரலாற்றையும் மொழியியலையும் வேதியியலையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும். ஆங்கிலத்தில் "சயின்ஸ்" என்றால் உடனே ஆய்வுக்கூடம் நினைவுக்கு வரும். தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் "இயல்" சேர்த்துவிட்டு, பட்டம் கொடுக்கும்போது மட்டும் ஆங்கிலேயர் போட்ட வேலியைக் கடைப்பிடிக்கிறோம். அவ்வேலிக்காக இங்கே நாம் சண்டையிடுவது சற்று வேடிக்கைதான்.

கடைமடை

துண்டின் பொருளை உணர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொருளுணர்ந்த பிறகு சொல்லும் விளக்கம் சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு அங்கேதான் சிக்கல்.

ஒரு நல்ல வாய்ப்பை எடுத்துக்கொள்கிறேன். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊராட்சிக்கு ஒதுக்குவது என்பது மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் குலுக்கலுக்கு ஒப்பான முறையில் முடிவாயிற்று. அதாவது, பெண் தலைவரைப் பெற்ற ஊரும் பெறாத ஊரும் மற்ற எல்லாவற்றிலும் சராசரியாக ஒத்திருக்கும். சட்டோபாத்யாய், டூஃப்லோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 265 ஊராட்சிகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில், அந்தந்த ஊர்ப் பெண்கள் முறையிட்டுவந்த பணிகளுக்குப் பணம் கூடுதலாகச் சென்றது. ராஜஸ்தானில் குடிநீருக்குக் கூடியது, சாலைக்குக் குறைந்தது. வங்கத்தில் பெண்கள் சாலையும் கேட்டிருந்தார்கள். அங்கே இரண்டும் கூடின. "பெண் என்றாலே தண்ணீர்" என்ற சோம்பேறி விளக்கம் இதில் அடிபட்டுப் போகிறது.

நிறைகோல்

இது நன்று. இது எனக்குப் பழக்கமான மொழி. ஆனால் வங்கத்தில் கண்டது தமிழ்நாட்டில் நிற்குமா?

கடைமடை

நிற்கவில்லை. ராதூ பான், விஜயேந்திர ராவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு தென்மாநிலங்களில் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். பெண் தலைவர்கள் வெறும் பொம்மைகள் அல்லர் என்று கண்டார்கள். அதே நேரத்தில், பெண்களின் விருப்பப்படி பணிகள் மாறின என்ற விளைவு அங்கே தென்படவில்லை.

நிறைகோல்

அப்படியானால் விதி எங்கே? என் நிலவும் தென்னை மரமும்?

களக்குறிப்பு

நான் கேட்ட கேள்வி இவ்வளவு தூரம் வரும் என்று எண்ணவில்லை. படிப்பில் உங்களுக்கெல்லாம் இளையவன். எனினும் களத்தில் நின்றவன் என்பதால் ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது.

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதிவரச் செய்தார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கம் வடமலாபுரம், செய்யாற்றுப் பக்கம் தூசி, தஞ்சைப் பகுதியில் பாலக்குறிச்சி. 1918-இல் நூலாக வந்தது. அதற்குப் பின் 1930களில் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 1960களில் போனார்கள், 1980களில் போனார்கள், 2008-இலும் போனார்கள். 1916-இல் ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் அது. பண்ணைக்குக் கட்டுண்டு உழைத்த படியாட்கள் இருந்த ஊர். அகம்புறம் சொன்ன துண்டு இடுப்புக்கு இறங்கிய காலம். 2008-இல் படியாள் முறை இல்லை. உழைப்பாளர் பலர் ஊருக்கு வெளியே, வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிப் போகிறார்கள். அந்தப் பழைய பிடியும் தளர்ந்துவிட்டது.

ஸ்லேட்டரின் மாணவர்கள் விதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பின்னால் வருகிறவர் அதே ஊருக்குள் நுழைந்து, "நீ எழுதியது சரியா, இப்போது என்ன மாறியிருக்கிறது" என்று கேட்கும்படி எழுதிவைத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்திருக்கிறது. நிறைகோல் ஐயா நிலவைக் கேட்கிறார். எனக்கு வானிலைக்காரரின் மழைமானி நினைவுக்கு வருகிறது. மீனம்பாக்கத்து மழை நுங்கம்பாக்கத்தில் பெய்வதில்லை என்பதால் மழைமானியை யாரும் தூக்கி எறிவதில்லை.

வெள்ளாறு

ஐயாவின் கருத்தோடு ஒத்துப்போகிறேன். ஆனால் துறைக்குள் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடி வாயில் கணிப்புகள் பல, தேசிய சனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, கிடைத்தது 293. 2004-இலும் இதே போன்ற சறுக்கல். எத்தனை பேரிடம் கேட்டார்கள், யார் பதில் சொல்ல மறுத்தார்கள், மூல எண்ணை எப்படி இருக்கைகளாக மாற்றினார்கள் என்பதைப் பல நிறுவனங்கள் சொல்வதே இல்லை. தவறியது குற்றமில்லை. எங்கே தவறியது என்று வெளியாள் தேட வழி வைக்காததுதான் குற்றம். இவற்றுக்கு இளம் அறிவியல் என்ன, இளங்கலைகூடக் கொடுக்கமாட்டேன்.

பொருநை

வெள்ளாறு சொன்னதை அரசின் பக்கமும் திருப்ப வேண்டும். 2017-18 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019-இல் அரசு வெளியிடாமல் நிறுத்தியது. 2011-12-க்குப் பிறகு அடுத்து வெளியான செலவுக் கணக்கு 2022-23-க்கு உரியது. தரம் சரியில்லையானால் அதை ஆய்வாளர் கையில் கொடுத்து எங்கே சரியில்லை என்று கேட்டிருக்கலாம். 1999-2000 தரவுக்கு அதுதானே நடந்தது? 1999-இல் கோளாறு பிடிபட்டது எண் நல்லதாக இருந்ததால் அன்று, எண் வெளியே கிடந்ததால்.

கடைமடை

முழுவதும் உடன்படுகிறேன். என் துறையின் இன்னொரு புண்ணையும் நானே காட்டிவிடுகிறேன். குடும்பங்களைக் கேட்டுக் கூட்டிய நுகர்வும், நாட்டின் மொத்த உற்பத்தி, வருமானம் ஆகியவற்றைக் கணிக்கும் தேசியக் கணக்கிலிருந்து வரும் நுகர்வும் பல பத்தாண்டுகளாகப் பொருந்துவதில்லை. இடைவெளி அகன்றுகொண்டே வந்திருக்கிறது. செல்வர்கள் கதவைத் திறப்பதில்லை என்பது ஒரு காரணம், தேசியக் கணக்கில் உள்ள ஊகங்கள் வேறொரு காரணம். எது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டைதான்.

நிறைகோல்

இதைக் கேட்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால் மகிழ முடியவில்லை. அணுக்கருவுக்கு வெளியே தனித்து நிற்கும் நியூட்ரான் என்ற துகளின் ஆயுட்காலத்தை இரு வழிகளில் அளக்கிறோம். பொறியில் அடைத்து மிச்சத்தை எண்ணினால் ஏறத்தாழ 878 வினாடி. கற்றையாக ஓடவிட்டுச் சிதைவை எண்ணினால் ஏறத்தாழ 888 வினாடி. இரண்டும் பிழை எல்லைகளுக்குள் அடங்கவில்லை, பல ஆண்டுகளாக யாருக்கும் உறுதியான காரணம் தெரியவில்லை. எங்கள் நியூட்ரானும் செய்தித்தாள் படிப்பதில்லை. நாங்கள் அதற்காகக் கடையை மூடவில்லை.

விதி இல்லாத அறிவியல் என்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் "கணக்குப்பிள்ளை வேலை" என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். களக்குறிப்பு அவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த எலுமிச்சங்காயை நீங்கள் எப்போதாவது நிறுத்துப் பார்த்ததுண்டா?

களக்குறிப்பு

கேட்டது நல்லதாயிற்று. உங்கள் கேள்வியைப் படித்ததும் அடுப்பங்கரைக்குப் போய், என் மனைவியிடம் குழம்புக்கு எடுப்பது போலவே புளி எடுக்கச் சொன்னேன். மருமகள் கேக் செய்ய வாங்கிவைத்திருக்கும் மின்தராசில் வைத்தோம். மூன்று முறை எடுத்தார்: 31, 34, 29. விதையும் நாரும் சேர்த்துத்தான். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் 25 என்றே எழுதியிருக்கிறேன். ஒரே பக்கம் சாயாத வரை சராசரி தாங்கும் என்று கடைமடை சொன்னார்; என் கை ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது போலும். மற்றவர்கள் எவ்வளவு என்று எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள, உடன் வேலை செய்த நால்வருக்கு இன்று காலை தொலைபேசியில் பேசினேன். இருவர் 25, ஒருவர் 30. நான்காமவர், "நான் எங்கே கேட்டேன், பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டுவிடுவேன்" என்று சிரிக்கிறார். தமக்கை மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், தராசை எடுத்துவைத்திருக்கிறேன்.